அட்ரோபின் அளவு உங்கள் கண்ணில் இருக்கிறது: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகளிலும் தனியார் மருத்துவமனைகளிலும் வார்டைத் தாங்கி நிற்கும் செவிலியர்களே, நாளை அந்த வேலைக்கு வரப்போகும் நர்சிங் மாணவ மாணவியரே,

ஒரே ஒரு மருந்தைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும். அட்ரோபின். ஒரு மில்லியில் 0.6 மில்லிகிராம் அடங்கிய அந்தச் சின்ன ஆம்பியூல் உங்கள் எமர்ஜென்சி டிரேயில் எப்போதும் கிடக்கிறது. விலை மலிவு, வயது பழையது, பெயர் எல்லோருக்கும் தெரிந்தது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி விஷத்தோடு வருகிறவருக்கு அதுதான் முதல் மருந்து. மற்ற மருந்துகளைப் போல இதன் அளவைச் சீட்டில் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. எத்தனை ஆம்பியூல் தேவை என்பதை நோயாளியின் உடல்தான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லும். டியூட்டி டாக்டர் நாலு வார்டுக்கு ஓடுகிறவர். அந்தக் கட்டிலருகில் நிற்கிறவர் நீங்கள். எனவே அட்ரோபின் அளவைக் கவனிப்பதும், எழுதப்பட்ட நெறிமுறைக்குள் அதைக் கூட்டிக் குறைப்பதும் செவிலியரின் அதிகாரபூர்வமான வேலையாக வேண்டும் என்று நான் வாதிடுகிறேன். அதற்கான முதல் அடியை நீங்களே எடுத்து வைக்க வேண்டும் என்றும் கேட்கிறேன்.

ஏன் குறிப்பாக உங்களிடம்? உங்கள் மண்ணைப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்விபிஆர் என்று தொடங்கும் பருத்தி ரகங்கள் அந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கின்றன. பருத்தி விளையும் இடத்தில் பூச்சிக்கொல்லி இல்லாமல் இருந்ததில்லை. பருத்தி, மக்காச்சோளம், நெல், மலையடிவாரத்து மாந்தோப்பு என்று எங்கும் மருந்தடிக்கும் கைகள் இருக்கின்றன, வீட்டு மூலையில் பாதி தீர்ந்த பாட்டில்களும் இருக்கின்றன. 2023 தொடக்கத்தில் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ், அசிபேட் ஆகியவற்றையும் இவற்றில் சிலவற்றின் கலவைகளையும் 60 நாட்களுக்குத் தற்காலிகமாகத் தடை செய்தது. அதே ஆண்டில் ஒன்றிய அரசு மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலுக்குத் தடை விதித்தது. நல்ல முடிவுகள்தான். ஆனால் இவையெல்லாம் சேர்ந்த ஆர்கனோபாஸ்பேட் குடும்பம் பெரியது. ஒன்று கடையிலிருந்து போனால் இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் 2017இல் மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைவில் வையுங்கள். அவர்கள் யாரும் சாக நினைத்தவர்கள் இல்லை. வேலைக்குப் போனவர்கள்.

இந்த விஷம் உடலில் என்ன செய்கிறது என்பது பார்மகாலஜி வகுப்பில் நீங்கள் மனப்பாடம் செய்த அட்டவணையிலேயே இருக்கிறது. தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பாராசிம்பதெடிக் நரம்பு முனைகளில் அசிடைல்கோலின் சுரக்கிறது. வேலை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதை உடைக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் அந்த நொதியைப் பிடித்து முடக்குகிறது. அசிடைல்கோலின் குவிந்து, மஸ்கரினிக் ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்படுகின்றன. வாயில் எச்சில் வழிகிறது, வியர்வை ஊற்றுகிறது, வயிறு கழிகிறது, நாடி தளர்கிறது, கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக நுரையீரல் தன் சுரப்பிலேயே மூழ்குகிறது. பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய பட்டியல் உங்கள் கட்டிலில் உயிரோடு கிடக்கிறது. அட்ரோபின் அந்த மஸ்கரினிக் ஏற்பிகளை மறிக்கிறது. அதைத் தவிர வேறெதையும் செய்வதில்லை. நொதியை அது மீட்டுத் தராது, தசைகளில் உள்ள நிக்கோடினிக் ஏற்பிகளைத் தொடவும் தொடாது. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் அடுத்த நாலு நாட்களில் அந்த நோயாளிக்கு என்னென்ன ஆபத்து வரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அளவு விஷயத்தில் கருத்துக்கு இடமில்லாத சான்று ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. வங்கதேசத்தின் சிட்டகாங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு குழுவுக்குப் பழைய வழக்கப்படி ஒரே அளவு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இன்னொரு குழுவுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டித்துக்கொண்டே போய், நெஞ்சு தெளிந்ததும் டிரிப்பில் தொடர்ந்து கொடுத்தார்கள். முதல் குழுவில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 8 சதவீதம். விஷத்தின் பிடி தளர முதல் குழுவுக்குச் சராசரியாக 152 நிமிடம் ஆனது, இரண்டாவதற்கு 24 நிமிடம். அளவு மீறி அட்ரோபின் நச்சுத்தன்மை வந்ததும் முதல் குழுவில்தான் அதிகம்: 28.4 சதவீதம், இரட்டித்துக் கொடுத்த குழுவில் 12 சதவீதம். இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன். இரட்டிப்பது ஆபத்து என்ற பயம் நம் வார்டுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. கவனித்து இரட்டிப்பது, கவனிக்காமல் ஒரே அளவைப் போட்டுக்கொண்டிருப்பதைவிடப் பாதுகாப்பானது என்றுதான் அந்த எண் காட்டுகிறது.

இது உங்கள் கைக்கு என்ன வேலை வைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.8 மில்லிகிராமில் தொடங்கினால் 3 ஆம்பியூல். நெஞ்சு தெளியவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் 6. பிறகு 12. பிறகு 24. கால் மணி நேரத்துக்குள் 45 ஆம்பியூலின் கழுத்தை உடைத்திருப்பீர்கள், 27 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். அதன் பிறகு மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதத்தை மணிக்கு மணி டிரிப்பில் விட வேண்டும், அதாவது மணிக்கு 2.7 முதல் 5.4 மில்லிகிராம். ராத்திரி இரண்டு மணிக்கு டிரேயில் பத்து ஆம்பியூல்தான் இருக்கிறது, ஸ்டோர் சாவி வேறொருவரிடம் இருக்கிறது என்றால், எவ்வளவு பெரிய டாக்டர் என்ன ஆர்டர் எழுதினாலும் அது காகிதம்தான்.

எதைப் பார்த்து நிறுத்துவது? அளவுகோல் நீங்கள் நினைப்பதைவிட எளிது. ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் கொரகொரப்பும் விசிலும் போயிருக்க வேண்டும். நாடி 80க்கு மேல், சிஸ்டாலிக் அழுத்தம் 80க்கு மேல் இருக்க வேண்டும். அக்குள் காய்ந்திருக்க வேண்டும். கடைசி அடையாளத்தைச் சோதிக்க ஒரு துண்டு காஸ் துணி போதும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற பேண்டேஜ் துணி, அதற்கு உங்கள் வார்டில் பஞ்சமிருக்காது. அக்குளில் அழுத்தி எடுங்கள். ஈரம் ஒட்டினால் மருந்து இன்னும் போதவில்லை. கண்பாவையை மட்டும் நம்பாதீர்கள், அது மெதுவாகத்தான் விரியும், சில சமயம் ஒரு கண் முந்தும் மறு கண் பிந்தும். நாடி 120 என்று பார்த்து அட்ரோபினைத் தள்ளிப்போடாதீர்கள். மூச்சுக்குழல் நிறைந்து ஆக்சிஜன் குறைந்ததாலும் நாடி ஓடும். அந்த நிலையில் நெஞ்சைக் காய வைப்பதுதான் நாடியை இறக்கும். ஆக்சிஜன் வைத்த பிறகுதான் அட்ரோபின் போட வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்த விதிக்கு ஆதாரம் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. சிலிண்டர் வரும்வரை ஊசி காத்திருக்க வேண்டாம்.

மறுபக்கமும் இருக்கிறது, அதை நீங்கள்தான் முதலில் பார்ப்பீர்கள். அட்ரோபின் வியர்வையை நிறுத்திவிடுகிறது. ஏப்ரல், மே மாதத்தில் ராஜபாளையத்து வார்டின் தகரக் கூரைக்குக் கீழே, வியர்க்க முடியாத உடம்பு எவ்வளவு வேகமாகச் சூடேறும் என்று யோசியுங்கள். காய்ச்சல் ஏறுகிறது, நோயாளி பிதற்றுகிறார், இல்லாத நூலைக் காற்றில் பிடுங்குகிறார், வயிற்றில் குடல் ஓசை கேட்கவில்லை. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் அளவு மீறிவிட்டது. நெறிமுறை சொல்வது: டிரிப்பை நிறுத்து, அரை மணிக்கொருமுறை பார், அடங்கிய பிறகு பழைய வேகத்தில் 70 முதல் 80 சதவீதத்தில் மறுபடி தொடங்கு. மின்விசிறியும் ஈரத்துணியும் அப்போது மருந்துக்குச் சமம். ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன். பிதற்றுகிறவரின் கையைக் கட்டிலோடு கட்டும் முன், தயவுசெய்து அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அட்ரோபின் மூத்திரப்பையைச் செயலிழக்கச் செய்யும். நிறைந்து கல்லாய் நிற்கும் பையின் வலியில் துடிக்கிறவரை மூளை கலங்கியவர் என்று நினைத்துக் கட்டிவைப்பது எந்த வார்டிலும் நடக்கக்கூடியது. ஒரு கத்தீட்டர் போட்டால் அடங்கிவிடுவார்.

இனி கழுத்து. இலங்கையின் சேனநாயக்கவும் கரல்லியத்தவும் 1987இல் உலகத்துக்குச் சொன்ன சேதி இது: முதல் நெருக்கடி தீர்ந்து, நோயாளி தெளிந்து பேசி, உறவினர்கள் நிம்மதியாகும் நேரத்தில், 24 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் தசைகள் தளர்ந்து மூச்சு நின்றுவிடலாம். இடைநிலைக் கூட்டறிகுறி என்று இதற்குப் பெயர். காரணம் நான் மேலே சொன்னதுதான், அட்ரோபின் நிக்கோடினிக் ஏற்பிகளைத் தொடுவதில்லை. நெஞ்சு காய்ந்திருக்கும், நாடி நன்றாக இருக்கும், கேஸ் ஷீட்டில் எல்லா எண்ணும் சரியாக இருக்கும். ஆனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. அதுதான் முதல் மணி. அடுத்த சில மணி நேரத்தில் வென்டிலேட்டர் தேவைப்படலாம். தலையைத் தூக்கச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம், ஐந்து வினாடி போதும். நாலு நாட்களுக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் அந்த ஐந்து வினாடியைச் செலவிட்டால், மூச்சு நிற்கும்முன் டாக்டரைக் கூப்பிட நேரம் கிடைக்கும். குளோர்பைரிபாஸ் போலக் கொழுப்பில் கரைகிற விஷமென்றால் இன்னும் கவனம் தேவை. உடம்புக் கொழுப்பில் பதுங்கிய விஷம் இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி இரத்தத்துக்கு வரும், காய்ந்த நெஞ்சு மறுபடி ஈரமாகும்.

இந்த நரம்பு மண்டலப் பாடம் ஆர்கனோபாஸ்பேட்டுக்கு மட்டும் பொருந்துவது என்று நினைத்தால் மலையடிவாரத்தைப் பாருங்கள். மேகமலை வரை நீளும் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் தோப்பு வேலை செய்கிறவர்களுக்குத் தேள் கொட்டுவது புதிதல்ல. செந்தேள் கொட்டிய குழந்தையும் வியர்வையில் நனைந்து, நெஞ்சில் நுரையோடுதான் வரும். ஆனால் அங்கே பெரும் சேதம் செய்வது எதிர்ப் பக்கத்துச் சிம்பதெடிக் புயல். கைகால் சில்லிட்டிருக்கும், இரத்த அழுத்தம் எகிறியிருக்கும். மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ஆல்ஃபா ஏற்பியை மறிக்கும் பிரசோசின் மாத்திரை அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றும் என்று உலகத்துக்குக் காட்டினார். அங்கே ஈரத்தைப் பார்த்து அட்ரோபின் போட்டால், ஏற்கெனவே ஓடும் இதயத்தை மேலும் விரட்டுவதாகும். பிரசோசின் கொடுத்த பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தால் அழுத்தம் தடாலென்று விழும், படுக்கவே வைக்க வேண்டும். ஒரே வியர்வை, ஒரே நுரை, எதிரெதிர் மருந்து. தன்னியக்க நரம்பு மண்டலத்தைப் பரீட்சையோடு மறந்துவிட முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

உங்களில் பலர் சொல்லப்போவது எனக்குத் தெரியும். ஆர்டர் போடுவது டாக்டர், நாங்கள் அளவை மாற்றினால் நாளைக்கு மெமோ எங்களுக்குத்தான் வரும் என்பீர்கள். நியாயமான பயம். அதனால்தான் வாய்மொழி அதிகாரம் வேண்டாம் என்கிறேன். மருத்துவர் கையெழுத்திட்ட, சுவரில் ஒட்டிய, ஒரு பக்க நெறிமுறையைக் கேளுங்கள்: தொடக்க அளவு இவ்வளவு, நெஞ்சு தெளியாவிட்டால் இரட்டி, தெளிந்தால் டிரிப், இந்த அடையாளம் வந்தால் நிறுத்திவிட்டுக் கூப்பிடு. இன்சுலின் ஸ்லைடிங் ஸ்கேலை நீங்கள் தினமும் அப்படித்தான் கொடுக்கிறீர்கள். சர்க்கரை எண்ணைப் பார்த்து அளவு மாற்ற உங்களை நம்புகிற மருத்துவமனை, அக்குள் ஈரத்தைப் பார்த்து அளவு மாற்றவும் உங்களை நம்பலாம். மறுப்பவர்கள் காரணத்தை எழுத்தில் சொல்லட்டும்.

ஆள் இல்லை என்பது இரண்டாவது பதில், அதுதான் கனமான பதில். இரவில் ஒரு செவிலியர் எத்தனை கட்டிலைப் பார்க்கிறார் என்பதை மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அறியாதவர்கள் அல்ல, பொருட்படுத்துவதில்லை. அந்தக் குறை உண்மை, அதற்கான போராட்டமும் நியாயம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். சிட்டகாங் கணக்குப்படி, சரியாகத் தொடங்கினால் முதல் அரை மணி நேரம்தான் உங்களைக் கட்டிலோடு கட்டிப்போடும். தவறாகத் தொடங்கினால் இரண்டரை மணி நேரம். எழுதி வைத்த அட்டவணை இன்னொரு உபகாரமும் செய்யும்: ஒரு விஷ நோயாளிக்கு ஒரு ராத்திரியில் எத்தனை முறை செவிலியர் தேவைப்பட்டார் என்பதற்கு அதுவே சாட்சி. கூடுதல் பணியிடம் கேட்டு நீங்கள் நீட்டும் மனுவோடு இணைக்க அதைவிட வலுவான காகிதம் கிடைக்காது.

எப்படியும் மதுரைக்கு ரெஃபர் செய்துவிடுகிறோமே என்பது மூன்றாவது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர், ராஜபாளையத்திலிருந்து இன்னும் கூட. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் தூரம் குறைந்திருக்கிறது, ஆனால் நெஞ்சு நிறைந்தவருக்கு அந்தத் தூரமும் தாங்காது. காயாத நெஞ்சோடு 108இல் ஏற்றி அனுப்பினால் வழியிலேயே மூழ்குவார். காய வைத்து, டிரிப் ஓட, அதுவரை போன அளவைத் தாளில் எழுதி அனுப்பினால்தான் அங்கிருப்பவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். இல்லையென்றால் அவர்கள் மூன்று ஆம்பியூலில் மறுபடி தொடங்குவார்கள்.

பாம் என்கிற பிராலிடாக்சைம் ஊசி இல்லாமல் அட்ரோபினை மட்டும் வைத்து என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். பிராலிடாக்சைம் பற்றிய சான்று இருபக்கமும் இழுக்கிறது. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு அதிக அளவில் பயன் கண்டது. இலங்கையில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு பயன் காணவில்லை. அதைத் தருவதா என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். அதை வாங்கிவர உறவினரைக் கடைக்கு ஓட விட்டு, இருக்கிற அட்ரோபினைத் தாமதிக்க மட்டும் விடாதீர்கள்.

இன்னொன்று வாய்விட்டுச் சொல்லப்படாதது, ஆனால் வார்டில் உலவுவது. ‘தானாகக் குடித்தவர்தானே.’ அந்தச் சொல்லை உங்கள் வார்டில் அனுமதிக்காதீர்கள். இலங்கையில் 1995இல் லட்சத்துக்கு 47 ஆக இருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அடுத்த இருபது ஆண்டுகளில் 70 சதவீதம் குறைந்தது. கைக்கு எட்டிய பாட்டில் அவ்வளவு கொடியதாக இல்லாததால் லட்சத்தில் அத்தனை பேர் பிழைத்து வாழ்ந்தார்கள். சாவதற்கு அவர்களிடம் உறுதியான முடிவு இருந்திருந்தால் அந்த விகிதம் அப்படி இறங்கியிருக்காது. ஒரு மணி நேரக் கோபமும் அவமானமும் கடனும்தான் பெரும்பாலும் அவர்களை உங்களிடம் கொண்டுவருகின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டின் ஓரத்தில் 104, 14416 என்ற இரண்டு உதவி எண்களையும் எழுதிக் கொடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலை என்ன செய்தார்கள் என்று உறவினரிடம் கேளுங்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்த வாரத்திலேயே உங்கள் வார்டில் ஒரு தாளில் கோடு போடுங்கள். நேரம், நாடி, அழுத்தம், நெஞ்சு ஓசை, அக்குள், குடல் ஓசை, காய்ச்சல், பிதற்றல், தலை தூக்குதல், கொடுத்த அட்ரோபின், மொத்தம். நெஞ்சு காயும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, காய்ந்த பிறகு முதல் ஆறு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை நிரப்புங்கள். அதைக் கேஸ் ஷீட்டோடு கட்டுங்கள், ரெஃபர் ஆனால் ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். டியூட்டி மாறும்போது போதைமருந்து ஊசிகளை எண்ணி ஒப்படைப்பது போல அட்ரோபினையும் எண்ணி ஒப்படையுங்கள். நூற்றுக்குக் கீழே போனால் அன்றைக்கே இண்டெண்ட் எழுதுங்கள். ஒரு பக்க நெறிமுறையைத் தயாரித்து உங்கள் மருத்துவ அலுவலரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோங்கள். தனியாகப் போகாமல் வார்டு செவிலியர் எல்லோரும் சேர்ந்து போங்கள். நர்சிங் கல்லூரிகளில் கற்றுக்கொடுக்கிறவர்கள், கோலினெர்ஜிக் பாடத்தைக் கரும்பலகையில் முடித்துவிடாமல், மாணவிகளின் கையில் ஒரு காஸ் துணியையும் இந்தத் தாளையும் கொடுத்துக் கட்டிலருகில் நிறுத்துங்கள். ஆடிக்குள், அடுத்த பருத்திக்கு மருந்தடிக்கத் தொடங்கும் முன், இரண்டு ஊர்களிலும் எல்லா அவசர வார்டுச் சுவர்களிலும் அந்தக் கையெழுத்திட்ட பக்கம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.